காயற்கரை மாளிகை

சென்ற கோடை விடுமுறையில், எம் ஊராகிய சின்னசேலத்திலிருந்து புகைவண்டியேறிச் சேலம் சென்று, ஆங்கிருந்து வேறு வண்டியில் எர்ணாகுளத்தை அடைந்தோம். அந்நகரில் அலுவல் புரியும் எம் தாய்மாமனார் ஒருநாள் மாலை எம்மைப் படகேற்றிக் காயலின் நடுவே அழைத்துச் சென்றார். கடலோ ஆறோ என்று துணிய இயலாத அந்நீர்ப்பரப்பின் ஒருபால், தென்னைகளுக்கும் பசும்புல்வெளிக்கும் இடையில், ஓடு வேய்ந்த இருநிலை மாளிகையொன்று தோன்றிற்று. "அது யாருடைய வீடு, மாமா?" என்று வினவினோம். "முன்னே பெரிய துரைமாருடையது; இப்போது காசு கொடுத்தால் ஓர் இரவு உன்னுடையது" என்று அவர் நகைத்தார். அந்நகைமொழி எம் உள்ளத்தைவிட்டு அகலவில்லை. ஊர் திரும்பியபின் அம்மாளிகையின் வரலாற்றைத் தேடிப் படித்தோம். படித்ததனால் எழுந்த கருத்தொன்றை நம் கல்லூரி மலரின் வாயிலாகத் தோழர்முன் வைக்க விழைகின்றோம்.

அக்கருத்து இது: ஆள்வோர் வாழ்ந்த மாளிகைகளை மக்கள் இளைப்பாறும் விடுதிகளாக்குதல் நன்றே, ஆயின் அவற்றின் வரலாற்றை முழுவதும் சொல்லாமல் மறைத்து, அழகை மட்டும் விலைக்கு விடுதல் நன்றன்று. இதனை நிறுவுதற்கு, மாளிகையின் கதையை முதலிற் சொல்லுதல் வேண்டும்.

யாம் கண்டது போல்காட்டி மாளிகை. பேரியாற்றின் கிளைகளும் வேம்பநாட்டுக் காயலும் கடலோடு கலக்குமிடத்தில், முளவுகாடு என்னும் தீவின் தென்கோடியில் அது நிற்கின்றது. பேரியாறு தமிழ் மாணவர்க்குப் புதிய பெயரன்று. அதன் முகத்துவாரத்திலிருந்த முசிறித் துறைக்கு யவனர் பொன்னொடு வந்து மிளகொடு மீண்ட செய்தியை அகநானூற்றிற் பயின்றிருக்கின்றோம். 1341-ஆம் ஆண்டு அவ்வாற்றில் பெருகிய வெள்ளத்தால் முசிறித் துறை தூர்ந்து, தெற்கே கொச்சித் துறை திறந்ததென்று வரலாற்றார் கூறுவர். துறை மாறியதேயன்றி, மிளகின்மேல் அயலார் கொண்ட வேட்கை மாறவில்லை. போர்த்துக்கீசியர் வந்தனர். 1663-இல் அவரை வென்று ஒல்லாந்தர் கொச்சிக் கோட்டையைக் கைக்கொண்டனர். அவ்வொல்லாந்தர் 1744-ஆம் ஆண்டில் எழுப்பியதே இம்மாளிகை.

அவ்வாண்டைச் சற்று நினைந்து பார்த்தல் தகும். அதற்கு மூன்றாண்டுகட்கு முன்னர், 1741-இல், இன்று கன்னியாகுமரி மாவட்டத்துட்பட்ட குளச்சலில், திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மரின் படை ஒல்லாந்தரை முறியடித்தது. மலையாளக் கரையில் அவர்தம் ஆற்றல் அன்றே தளரத் தொடங்கிற்று. தளரத் தொடங்கிய காலத்தில் இத்துணை அகன்ற கூடங்களும் தாழ்வாரங்களும் உடைய மனையை அவர்கள் கட்டினர். 1795-இல் ஆங்கிலேயர் கொச்சியைக் கைப்பற்றினர். ஒல்லாந்தர் கட்டிய வீட்டில் நிலைத்து வாழும் பேறு ஒல்லாந்தர்க்கு வாய்க்கவில்லை.

பிறகு அம்மாளிகை ஆங்கில ரெசிடெண்டின் உறைவிடமாயிற்று. சுதேச மன்னர் அவையில் கும்பினியாரின் சார்பாக அமர்ந்து, பெயரளவில் ஆலோசனையும் உண்மையில் ஆணையும் வழங்கியவரே ரெசிடெண்டு எனப்பட்டவர். 1800 முதல் 1810 வரை திருவிதாங்கூர்க்கும் கொச்சிக்கும் ரெசிடெண்டாயிருந்தவர் காலின் மெக்காலே. 1801-ஆம் ஆண்டுப் பாஞ்சாலங்குறிச்சிப் போரில் ஊமைத்துரையை எதிர்த்துக் கும்பினிப் படையை நடத்திய மேஜர் மெக்காலே இவரே. 1835-இல் ஆங்கிலக் கல்விக்கு வழிகோலும் குறிப்பை எழுதிய தாமஸ் பாபிங்டன் மெக்காலேக்கு இவர் பெரிய தந்தையார்.

1805-ஆம் ஆண்டு உடன்படிக்கையால் திருவிதாங்கூர் ஆண்டுதோறும் கும்பினிக்கு 8 இலட்சம் ரூபாய் செலுத்த வேண்டியதாயிற்று. பாக்கி பெருகிற்று, ரெசிடெண்டின் நெருக்கமும் பெருகிற்று. தளவாய் வேலுத்தம்பி, முதலில் மெக்காலேயின் நண்பராயிருந்தவர், பின்னர்ப் பகைவரானார். இவரும் இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்துத் தலக்குளத்திற் பிறந்தவரே. கொச்சி நாட்டு மந்திரியாகிய பாலியத்து அச்சன் அவரோடு சேர்ந்தார். 1808-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் இறுதியில், ஒரு நள்ளிரவில், இவ்விருவரின் ஆட்களும் படகுகளில் வந்து ரெசிடெண்டின் மாளிகையைச் சூழ்ந்தனர். மெக்காலே மறைந்திருந்து உயிர்தப்பிக் கப்பலொன்றை அடைந்தார். அடுத்த திங்களிலேயே குண்டறை என்னுமிடத்தில் வேலுத்தம்பி கும்பினியாட்சிக்கு எதிராக மக்களை அழைத்து அறிக்கை விடுத்தார். அவ்வெழுச்சி 1809-இல் அடக்கப்பட்டது. வேலுத்தம்பி மண்ணடி என்னும் ஊரில் உயிர்துறந்தார். பாலியத்து அச்சன் சென்னைக்கு நாடு கடத்தப்பட்டார்.

இங்கே, கிறித்தவ மாணவராகிய யாம் ஒன்றை மறையாது சொல்லக் கடமைப்பட்டுள்ளோம். மயிலாடியில் வேதமாணிக்கம் என்பாரின் வேண்டுகோட்கிணங்கி 1806-இல் வந்து தொண்டாற்றிய ரிங்கல்தௌபே ஐயர், ஆங்கே ஒரு கோவில் கட்டுதற்கு இசைவு பெறாது நெடுநாள் அல்லலுற்றார். அவ்விசைவு கிட்டுதற்குத் துணைநின்றவர் மெக்காலேயே என்று திருச்சபை வரலாறு கூறும். 1809-இல் மயிலாடிக் கோவில் எழுந்தது. மலையாள மொழியில் நற்செய்தி நூல்கள் பெயர்க்கப்படுதற்கும் அவர் துணைபுரிந்தார். ஆகவே, இளமையில் ஞாயிறு வகுப்பில் அவர் பெயரை நன்றியோடு கேட்டிருக்கின்றோம். பள்ளியில் பாஞ்சாலங்குறிச்சிப் பாடத்தில் அதே பெயரைச் சினத்தோடு கேட்டிருக்கின்றோம். இருவரும் ஒருவரே என்று அறிந்தது இம்மாளிகையின் வரலாற்றைப் படித்தபொழுதுதான். அன்று எமக்குச் சற்றே நாணமாயிருந்தது. ஒருவர் செய்த நன்மையைப் போற்றுதற்கு அவர் செய்த கொடுமையை மறத்தல் வேண்டா. கொடுமையை வெறுத்தற்கு நன்மையை மறைத்தலும் வேண்டா. இரண்டையும் ஒருங்கே நெஞ்சிற் கொள்ளுதல் அரிது. ஆயினும் கற்றவர்க்கு அதுவே கடன்.

வரலாற்றேடுகளிற் பெயர் பெறாத மற்றொரு கூட்டமும் அம்மாளிகையோடு தொடர்புடையது. கல் சுமந்தோர், படகு வலித்தோர், அடுக்களையில் வெந்தோர் ஆகியோரின் பெயர்கள் எங்கும் எழுதப்படவில்லை. ஒல்லாந்தர் காலத்துக் கொச்சியில் மாந்தரை விலைக்கு வாங்கிக் கப்பலேற்றும் அடிமை வாணிகம் நடந்ததென்பது அவர்தம் ஆவணங்களாலேயே அறியப்படுவது. கொச்சி நாட்டில் அடிமைமுறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது 1854-இல். அஃதாவது மாளிகை எழுந்து 110 ஆண்டுகள் கழிந்த பின்னர். மிளகு விளைத்தவரையும் மாளிகை சமைத்தவரையும் நினையாது அக்கூடத்தின் அழகை மட்டும் வியத்தல், சோற்றை வாழ்த்தி உழவனை மறப்பது போலாம்.

1909-இல் அம்மாளிகை ஆங்கிலேயர்க்குக் குத்தகைக்கு விடப்பட்டது. 1947-இல் நாடு விடுதலை பெற்றபின் அரசுடைமையாயிற்று. இன்று கேரளச் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் பொறுப்பில் விடுதியாக விளங்குகின்றது. 2004-இல் பாலங்கள் அமைந்தமையால் தீவும் நகரும் ஒன்றாயின; 2018-இல் அத்தீவிலேயே பெரியதொரு மாநாட்டு மண்டபமும் புது விடுதியும் எழுந்தன; 2023 முதல் மின்னாற்றலால் இயங்கும் மெட்ரோ படகுகள் அத்துறையைத் தொட்டுச் செல்கின்றன. மணமக்கள் அங்கே நிழற்படம் எடுத்துக்கொள்கின்றனர்; சிறுவர் புல்வெளியில் ஓடுகின்றனர். நள்ளிரவில் படைக்கலத்தோடு வந்தவர் இறங்கிய தீவில் இன்று நண்பகலில் குடும்பங்கள் உணவுப்பொட்டலத்தோடு இறங்குகின்றன.

இதனைக் கண்டு வருந்துவோர் சிலர் உளர். "அயலான் ஆண்ட வீடு நம் அடிமைத்தனத்தின் சின்னம், அதனை இடித்துத் தரைமட்டமாக்குதலே தகும்" என்பர் அவர். அவர்தம் மானவுணர்ச்சியை மதிக்கின்றோம். ஆயின் முடிவை ஏற்றிலோம். வீட்டை இடித்தால் அடிமைத்தனம் நடந்ததற்குரிய சான்று அழியுமேயன்றி, அடிமைத்தனம் நடவாததாகிவிடாது. அன்றியும், அச்சுவர்களை எழுப்பிய கைகள் நம்மவர் கைகள். அவர்தம் உழைப்பில் எஞ்சி நிற்பது அவ்வொன்றே.

வேறு சிலர், "விடுதியாக்காது கல்விக்கூடமாக்கினால் என்ன?" என்பர். அதற்கும் சான்றுகள் உண்டு. சென்னையில் அடையாற்றங்கரையில், 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜேம்ஸ் பிராடி என்னும் கும்பினி அலுவலர் கட்டிய மாளிகை பின்னாளில் அரசு இசைக் கல்லூரிக்கு இல்லமாயிற்று. அதே ஆற்றின் கரையிலுள்ள ஹடில்ஸ்டன் தோட்டம் 1882-இல் பிரம்மஞான சபையாரின் உடைமையாகிப் பெரியதொரு நூல்நிலையத்தைத் தாங்கி நிற்கின்றது. இவை சிறந்த மாற்றங்களே. ஆயினும் எல்லா மாளிகைகளும் கல்லூரிகளாதல் இயலாது. ஆளில்லா வீடு விரைவிற் பாழாகும். நம் நாட்டில் எத்துணை ஜமீன் அரண்மனைகள் கூரை சரிந்து, ஆல் முளைத்து, வௌவால்களுக்கு இல்லமாய்க் கிடக்கின்றன! காயலின் உப்புக்காற்றில் ஓடும் மரமும் ஆண்டுதோறும் பழுதுபார்த்தாலன்றி நில்லா. தங்குவோர் கொடுக்கும் காசே அக்கூரையைக் காக்கின்றதெனில், அக்காசினை இகழ்தல் அறிவுடைமையன்று.

இனி, எதிர்த்தரப்பார் மற்றொன்று வினவுவர்: "இளைப்பாற வருவோன் கவலையை மறக்க வருகின்றான். அவனிடம் பழைய போரையும் அடிமைகளையும் பற்றிக் கூறி ஏன் துன்புறுத்த வேண்டும்?" இவ்வினா எளிதாகத் தள்ளத்தக்கதன்று. ஆண்டு முழுதும் உழைத்தவன் இரண்டு நாள் நீரைப் பார்த்துக்கொண்டு வாளா அமர்ந்திருக்க விரும்பினால் அஃது குற்றமாகாது. ஆயினும், ஓய்வு என்பது என்ன என்று யாம் எண்ணிப் பார்த்ததுண்டு. எம் மறைநூலில் ஓய்வுநாளைக் குறித்த கட்டளை வீட்டுத் தலைவனோடு நிற்பதில்லை. வேலைக்காரனையும் வேலைக்காரியையும் மாட்டையும் வாயிலுக்குள் தங்கிய அயலானையும் உட்படுத்துகின்றது. பிறர் ஓய்வை நினையாது தான் மட்டும் கொள்ளும் ஓய்வு, அக்கட்டளையின்படி, முழு ஓய்வாகாது. மேலும், வரலாறு அறிந்தவன் துன்புறுவான் என்பதும் முற்றும் உண்மையன்று. எம் மாமனார் காட்டிய மாலையில் யாம் கண்டது அழகிய வீடு. வரலாறு அறிந்தபின் அவ்வீட்டை நினையுந்தோறும், குளச்சற் கடலும் பாஞ்சாலங்குறிச்சி மண்ணும் மயிலாடிக் கோவிலும் உடன் தோன்றுகின்றன. எம் இன்பம் குறையவில்லை; ஆழ்ந்தது என்றே சொல்லல் வேண்டும்.

"கொச்சி மாளிகையைப் பற்றிச் சின்னசேலத்தானுக்கு என்ன கவலை?" என்று தோழர் சிலர் கேட்கக்கூடும். கவலை உண்டு. எம் ஊரின் மேற்கே நிற்பது கல்வராயன் மலை. அங்கிருந்து இழியும் கோமுகி ஆற்றுக்குக் கச்சிராயபாளையத்தின் அருகே அணை கட்டியிருக்கின்றனர். மலைமேல் மேகம் அருவியும் பெரியார் அருவியும் உள. 2019-இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது முதல், அம்மலையைச் சுற்றுலாத் தலமாக வளர்க்க வேண்டும் என்ற பேச்சு எங்கள் பக்கத்தில் ஓயாது கேட்கின்றது. யாமும் அதனை விரும்புகின்றோம். எம் மலையைப் பிறர் கண்டு மகிழ்வதில் எமக்குப் பெருமையே.

ஆயின் அம்மலைக்கும் ஒரு வரலாறு உண்டு. அங்கே வாழும் மலையாளி என்னும் பழங்குடி மக்கள், சடைய கவுண்டன், குரும்ப கவுண்டன், ஆரிய கவுண்டன் என்ற பட்டப்பெயர் தாங்கிய ஜாகீர்தார்களுக்குத் தலைமுறை தலைமுறையாக வரி செலுத்தி வாழ்ந்தவர்கள். நாடு விடுதலை பெற்றதும் அம்மலைக்கு விடுதலை வந்துவிடவில்லை. ஜாகீர்தாரின் பிடி அகன்று அரசின் நேர் ஆட்சி அங்கே வந்தது 1976-இல். ஏறத்தாழ 30 ஆண்டுகள் பிற்பட்டு வந்த விடுதலை அது. 2024-ஆம் ஆண்டு ஜூன் திங்களில் கள்ளக்குறிச்சியில் நச்சுச் சாராயம் அருந்தி 60-க்கும் மேற்பட்டோர் மாண்ட துயரத்தை நாடறியும். அதன்பின்னரே, கல்வராயன் மலைமக்களின் வாழ்க்கைநிலை என்ன என்று சென்னை உயர்நீதிமன்றம் தானாகவே முன்வந்து வினவிற்று. சாலை உண்டா, மருத்துவமனை உண்டா என்று நீதிபதிகள் கேட்ட பிறகே, பக்கத்து ஊராராகிய எங்களிற் பலரும் அம்மக்களை நினைத்தோம். இதனை எம்மையே நொந்துகொண்டு எழுதுகின்றோம்.

எர்ணாகுளத்திலிருந்து மீண்ட சில நாளில் யாம் மலைமேற் சென்றிருந்தபொழுது, சாலையோரத்தில் தேனும் சாமையும் விற்றுக்கொண்டிருந்த மூதாட்டி ஒருத்தியை, நகரத்திலிருந்து வந்த குடும்பத்தார், "பாட்டி, இங்கே பார்க்க என்ன இருக்கிறது?" என்று கேட்டனர். "அருவி இருக்குதுங்க, படகு இருக்குதுங்க, போய்ப் பாருங்க" என்று அவள் வழி காட்டினாள். அவர்கள் சென்றபின் யாம், "பாட்டி, நீங்கள் படகில் ஏறியிருக்கிறீர்களா?" என்றோம். "எனக்கு எதுக்குங்க சாமி? தேன் வித்தாப் போதும்" என்றாள். வந்தவர் நல்லவரே, அவளிடம் தேனும் வாங்கினர். ஆயினும், அம்மலை யாருடைய வீடு என்று கேட்க அவர்க்குத் தோன்றவில்லை. யாம் காயலில் கேட்ட வினா அது. எம் மலையில் எம் வாயிலிருந்தும் அவ்வினா அன்றுவரை எழுந்ததில்லை.

ஆதலின் மூன்று வேண்டுகோள்களைப் பணிவோடு முன்வைக்கின்றோம். முதலாவது, பழைய மாளிகை எதுவாயினும், விடுதியாக்கப்படும்பொழுது அதன்கண் ஓர் அறையேனும் வரலாற்றுக்கென ஒதுக்கப்படுதல் வேண்டும். அங்கே ஆண்டவர் படங்களோடு எதிர்த்தவர் பெயர்களும், பெயரறியாத உழைப்பாளரைப் பற்றிய செய்தியும், வருவோர்க்கு விளங்கும் மொழிகளில் எழுதப்பெறுதல் வேண்டும். இரண்டாவது, ஆண்டில் சில நாட்களேனும் சுற்றூர்ப் பள்ளிச் சிறுவர் கட்டணமின்றி அவற்றுட் புகுந்து காணுதல் வேண்டும். தம் பாட்டன் தலையிற் கல் சுமந்த வீட்டைப் பெயரன் வாயிலில் நின்றே பார்க்கும் நிலை நீடிக்கலாகாது. மூன்றாவது, கல்வராயன்மலை போன்ற இடங்களில் அருவிக்குச் செல்லும் சாலையைக் காட்டிலும் மருத்துவமனைக்குச் செல்லும் சாலை முந்துதல் வேண்டும். படகிலும் விடுதியிலும் கிட்டும் பணியிலும் ஊதியத்திலும் மலைமக்களே முதற் பங்கினராதல் வேண்டும்.

அரசினர் செய்ய வேண்டியன இவை. மாணவராகிய நாம் செய்யக்கூடியது சிறிதேயாயினும், எளிது. வரும் விடுமுறையில் நம்மிற் பலர் ஆற்றங்கரைக்கும் மலைக்கும் கடற்றுறைக்கும் செல்வோம். சென்ற இடத்தில் ஒரு பழைய வீடு நம் கண்ணைக் கவருமாயின், அதன்முன் நின்று நிழற்படம் எடுத்துக்கொள்ளுமுன், அருகிருக்கும் முதியவர் ஒருவரை அணுகி, "ஐயா, இது யாருடைய வீடு?" என்று கேட்போமாக. விடையைப் பொறுமையோடு கேட்டு எழுதிக்கொண்டு வருவோமாக. அங்ஙனம் பலர் எழுதிக் கொணர்ந்தால், அடுத்த ஆண்டு மலரில் இத்தமிழ்ப் பகுதி நம் நாட்டு மாளிகைகளின் வரலாறுகளால் நிறையும். யாம் இம்முறை ஒன்றனைத் தந்துள்ளோம். ஏனையவற்றைத் தோழர் தருக.